இரண்டு பக்கமும் சலாம்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டது வைத்தியர் அல்ல, என்னிடம் கார் ஓட்டப் பழகிய ஒரு பெண். லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில், எங்கள் ஆட்களுக்குக் கார் பழக்குவதுதான் அப்போது என் தொழில். எண்பதுகள் முடிந்து தொண்ணூறு பிறந்த காலம். பின்கண்ணாடியைப் பாரும், பின்கண்ணாடியைப் பாரும் என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவள் கண்ணாடியை விட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, உங்கட கழுத்தில என்னவோ ஏறி இறங்குது" என்றாள். முதலில் றோட்டைப் பாரும் என்றேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் பார்த்தால் அவள் சொன்னது சரி. எச்சில் விழுங்கும்போது நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை மேலே போய்க் கீழே வந்தது.

எங்கள் வைத்தியர் முதலில் தொண்டைப் புண்ணுக்கு மருந்து தந்தார். கால் முறிந்து போனாலும் அவர் தொண்டைக்குத்தான் மருந்து தருவார். பிறகு ஒருவாறு ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே காத்திருக்கும் அறைகளில் நான் இருந்து தேய்த்த கதிரைகளைச் சொல்லி முடியாது. ஊசியால் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அடுத்தது ஸ்கான். கதிர்வீச்சு உள்ள ஒரு மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு ஒரு பெரிய கருவிக்குக் கீழே படுக்க வைத்தார்கள். தைராய்டு என்பது கழுத்தில் முன்பக்கம் இருக்கிற சுரப்பி. அது நன்றாக வேலை செய்தால் அந்த மருந்தை உறிஞ்சிப் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். என் படத்தில் உருண்டை இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இப்படி உறிஞ்சாத கட்டிகளில் சிலது புற்றுநோயாக இருக்கும், பெரும்பாலும் இருக்காது, பாதிச் சுரப்பியை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார் நிபுணர். பெரும்பாலும் இருக்காது என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் போகிறதாம். அதில் கத்தி பட்டால் குரல் கம்மிவிடும். நான் வாயால் பிழைக்கிறவன். பிரேக்கை மிதி என்று சொல்ல ஏலாத ஆளிடம் யார் கார் பழக வருவார்கள்? வீட்டுக்கு வந்து பவானியிடம் சொன்னேன். பவானி என் மனைவி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

"சத்தம் கொஞ்சம் குறைஞ்சால் எனக்கும் பிள்ளையளுக்கும் நல்லதுதானே" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். அவள் அழுவது எனக்குத் தெரியாமல் இருக்க அப்படித்தான் செய்வாள்.

சத்திரசிகிச்சை நடந்தது. கண் விழித்தபோது கழுத்தில் தையலும், அதன் பக்கத்தில் இரத்தம் வடிய ஒரு குழாயும், அது போய் விழும் ஒரு சிறு போத்தலும் இருந்தன. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நரம்பு வெட்டுப்படவில்லை, கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தானாகத் திரும்பி வரும், அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று கட்டளை. வெட்டி எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை ஆஸ்பத்திரியில் பேசாமல் கிடக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று விளங்கும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கட்டிலுக்கு யூசுப் அண்ணை வந்தார்.

அவர் சோமாலியர். கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு வந்து, பிறகு கிழக்கு லண்டனில் கப்பற்காரர் விடுதிகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். நெட்டையான உடம்பு. கால்கள் கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கும். அவர்களுக்குள்ளே அவருக்கு நீட்டுக்கால் என்றுதான் பெயர். எங்களூரில் பட்டப்பெயரை முதுகுக்குப் பின்னால் சொல்வோம், அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடப்பட்டவரும் சிரித்துக்கொண்டு ஓம் என்கிறார். கட்டளையை மீறி நான் காற்றுக் குரலில் கிசுகிசுக்க, நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே கப்பலில் வந்தவை போல இருந்தபடியால் இங்கே அதை என் தமிழில் தருகிறேன்.

"யாழ்ப்பாணமோ? எனக்குத் திருகோணமலை தெரியும், தம்பி" என்றார் முதல் நாளே. "துறைமுகத்தில ஒரு கிழவர் வாழைப்பழமும் அவிச்ச மாவும் வித்தவர். சாப்பாட்டோட வாழைப்பழம் சேர்க்கிற சனம் நாங்கள் மட்டும் எண்டு நினைச்சிருந்தன். அண்டைக்குத்தான் உலகத்தில எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினம் எண்டு தெரிஞ்சது."

அவர் குரல் அப்போதே உமியில் நடப்பது போலக் கரகரத்தது. மாதக்கணக்காக அப்படி இருந்தும் கரிப்புகையும் சிகரெட்டும் செய்கிற வேலை என்று விட்டுவிட்டார். மூக்கு வழியாக மெல்லிய கமரா விட்டுப் பார்த்தபோதுதான் குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், நிற்கவில்லை. இப்போது குரல்வளையை முழுதாக எடுக்கப் போகிறார்கள். எடுத்தால் மூச்சு கழுத்தில் போடும் ஒரு துவாரம் வழியாகப் போய் வரும். மூக்குக்கும் வாய்க்கும் மூச்சோடு தொடர்பு இருக்காது. ஆள் தப்பலாம். குரல் மட்டும் இனி இல்லை. கழுத்தில் வைத்துப் பேச ஒரு மின்கருவி உண்டு, காற்றை விழுங்கி ஏப்பத்தை வைத்துப் பேசவும் பழக்குவார்கள் என்று தாதி விளக்கியபோது, யூசுப் அண்ணை மரியாதையாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏப்பத்தில மனிசிக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

மனைவியின் பெயர் ஸைனப். அவர்களுடைய நகரத்தை அவர்களின் அரசாங்கமே குண்டு போட்டு அழித்த பிறகு, எத்தியோப்பிய எல்லையில் ஓர் அகதி முகாமில் இருந்தார். இவர் சில வருடங்களுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வந்தவர். கடைசித் தடவை, என்னையும் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அந்த மனுசி கேட்டிருக்கிறார். விடுதி அறையில் குளிரில் உன்னை வைத்து என்ன செய்வேன், ஓய்வெடுத்ததும் நானே வந்துவிடுகிறேன் என்று இவர் சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு யுத்தம் வந்துவிட்டது.

"அவள் சொன்னது சரி, நான் பிழை. அதை என்ர வாயால அவளுக்குச் சொல்ல வேணும், தம்பி. எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லை."

ஸைனப்புக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவர்களுக்குள் கடிதம் என்றால் கசெட்தான். பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து விடுவார்கள். முகாமில் ஒரு ரேப் ரெக்கோடரைச் சுற்றி எல்லோரும் இருந்து கேட்பார்கள். பதிலும் கசெட்டில் வரும். ஜிபூட்டி வழியாக முகாமுக்கு ஒருவர் போகவிருந்தார். அவர் புறப்படுகிற அதே காலையில்தான் யூசுப் அண்ணையின் சத்திரசிகிச்சை. ஆகவே அதற்கு முன்னால் பேசிப் பதிந்துவிட வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். கஷ்டம் பார்க்க வருகிற ஆட்கள்தான். எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வந்தால் ஓரேஞ்சும் கையுமாக வந்து, யாருக்கோ இதே வருத்தம் வந்து செத்த கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சோமாலியர் வந்தால் போக மாட்டார்கள். நோயாளியைப் பார்ப்பது அவர்களுக்குக் கடமை. காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு வருகிற பெண்கள், விடுதியில் இருந்து பழைய கப்பற்காரர்கள், தெரிந்தவரின் தெரிந்தவர்கள். கட்டிலைச் சுற்றி நின்று உள்ளங்கையை விரித்துப் பிரார்த்தித்துவிட்டு இருந்து அரசியல் கதைப்பார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்தான் என்று வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், அயர்லாந்துக்காரி, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். இரண்டு பேர் எழுந்து போவார்கள், மூன்று பேர் வருவார்கள். எல்லோருக்கும் யூசுப் அண்ணை, இருக்கிற கொஞ்சக் குரலையும் செலவழித்து, பெயர் சொல்லிப் பதில் சொல்வார்.

அவருடைய மருமகள் ஹோதான், தங்கையின் மகள், தினமும் கறுவாப்பட்டையும் ஏலக்காயும் போட்ட தேத்தண்ணியைப் பிளாஸ்கில் கொண்டு வருவாள். எனக்கும் ஒரு கோப்பை. பவானி புட்டும் வாழைப்பழமும் கொண்டு வந்தால் அதில் பாதி அவருக்கு. இரண்டு பெண்களும் கட்டில்களுக்கு நடுவில் நின்று, ஆஸ்பத்திரி உருளைக்கிழங்கைப் பற்றி ஒரே மாதிரி முகம் சுளித்துப் பேசிக்கொள்வார்கள்.

யூசுப் அண்ணையின் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மத்தியானம் சிஸ்டர் இரங்கி, தொலைக்காட்சி இருக்கிற அறையை எங்களுக்குத் திறந்து விட்டார். பவானி வீட்டிலிருந்து ரேடியோ கசெட் பெட்டியைக் கொண்டு வந்து தந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஹோதான் புதுக் கசெட் ஒன்று தந்திருந்தாள், ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் ஓடும். பொத்தான் அமுக்குவது என் வேலை. கழுத்துப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு அருகில் இருந்தேன்.

அவர் பேசத் தொடங்கினார். எனக்குச் சோமாலி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தாளம் போடுவது போல விரலை முழங்காலில் தட்டி, ஏற்றி இறக்கிப் பேசினார். சில இடத்தில் சிரித்தார். சில இடத்தில் குரல் உடைந்து கண்ணைத் துடைத்தார். அந்த மனுசிக்குச் சொல்ல இவ்வளவு வைத்திருந்திருக்கிறாரே, நான் பவானியிடம் உப்புக் கூடிப் போச்சு என்பதைத் தவிர என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதல் பக்கம் முடிந்தது. கசெட்டைத் திருப்பிப் போட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். கொஞ்ச நேரம் போயிருக்கும், கதவு திறந்தது. விடுதிக்காரர்கள். நான் எழுந்து இரண்டு கையாலும் மறித்தேன். பேச முடியாத மனிதன் கையை ஆட்டினால் யார் கவனிக்கிறார்கள்? என் தோளைத் தட்டிச் சுகம் விசாரித்துவிட்டு உள்ளே வந்தார்கள். கசெட் ஓடுவதைக் கண்டதும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. முகாமுக்குப் போகிற கசெட். அவர்களுக்கும் அங்கே தாயும் தம்பியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவர் கைநீட்டினார். யூசுப் அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ரேடியோவைக் கை நீட்டியவர் பக்கம் தள்ளி வைத்தார். அவர் பேசினார், அடுத்தவர் பேசினார், அதற்கடுத்தவர் அழுதார். கடைசி ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமும் முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது.

எல்லோரும் போன பிறகு, கிடைத்த குரலில் கிசுகிசுத்தேன். "அண்ணை, ஸைனப்புக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப அவ்வளவு நேரமும் என்ன பேசினீங்கள்?"

"சலாம்" என்றார். "மாமனாருக்கு, அவரின்ர தம்பிமாருக்கு, மச்சாள்மாருக்கு, பக்கத்துக் கூடாரத்துக்கு, அவையின்ர பிள்ளையளுக்கு. செத்தவைக்கு ஒரு துஆ, பிரார்த்தனை. பேர் விட்டால் சரிவராது, தம்பி. சுத்தி இருந்து கேக்கிற சனத்தில ஒராளின்ர பேர் வரேல்லை எண்டால், தன்னைச் செத்துப்போன ஆள் எண்டு யூசுப் நினைச்சிட்டான் எண்டு அந்த ஆள் நினைக்கும்."

"முதல்லயே அவவுக்குச் சொல்லியிருக்கலாமே."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மாமனார் முன்னால இருக்க, பெரியவைக்குச் சலாம் சொல்ல முதல் பெண்சாதியோட கதைக்கிறதோ? அவளுக்கே அது வெட்கம். எல்லாருக்கும் சொல்லி முடிச்சுப்போட்டுக் கடைசியில சொல்லுவம் எண்டு வைச்சிருந்தன்."

பின்னேரம் பவானி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். மத்தியானம் ரேடியோவுக்குள் இருந்து நான் கழற்றி வைத்த தன் முருகன் பாட்டுக் கசெட்டை எடுத்தாள். கடையில் வாங்கிய கசெட்டில் பதிய முடியாதபடி ஓரத்தில் ஓட்டை இருக்கும். சிஸ்டரிடம் கட்டுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் வாங்கி அதை மூடினாள். "முருகன் குறை நினைக்க மாட்டார், பேசுங்கோ அண்ணை" என்று முன்னால் வைத்தாள். அவர் வாயைத் திறந்தார். மத்தியானம் முழுக்கச் செலவழித்த குரல், வரவில்லை. தேத்தண்ணி குடித்தார், மறுபடி முயன்றார். போட்டுப் பார்த்தோம். இரைச்சல்தான் கேட்டது. கசெட்டை எடுத்துப் பவானியின் கையில் திருப்பிக் கொடுத்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

நீங்கள் சொல்வதை நான் பேசி அனுப்பட்டுமா மாமா என்று ஹோதான் கெஞ்சினாள். கேட்கவில்லை. மன்னிப்பை இன்னொருவர் வாயால் கேட்பது மன்னிப்பல்ல என்பது அவர் எண்ணம். சத்திரசிகிச்சையைப் பற்றியும் ஸைனப்புக்கு யாரும் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டார். அப்படியே கசெட் போனது. காலையில் கட்டிலோடு அவரையும் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவடியில் திரும்பி எனக்குக் கையசைத்தார்.

என் பரிசோதனை முடிவு நல்லதாக வந்தது. புற்றுநோய் இல்லை. பவானி அன்று தண்ணீர்க் குழாயைத் திறக்காமலே, வார்ட் நடுவில் நின்று அழுதாள். குரலும் மெல்ல மெல்லத் திரும்பியது. கொஞ்சம் கரகரப்பு இன்றைக்கும் உண்டு. திரும்பக் காரில் ஏறிக் கத்தத் தொடங்கினேன். ஆனால் அந்த மத்தியானம் நினைவுக்கு வராத நாள் குறைவு. கடன் வாங்கியாவது இன்னும் ஒரு மணித்தியாலம் குரலை அந்த மனிதனுக்குக் கொடுக்க ஏலுமாக இருந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

யூசுப் அண்ணையும் தப்பினார். விடுதி அறையை விட்டு, நகரசபை ஹோதானுக்குக் கொடுத்திருந்த மாடி வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்துத் துவாரத்தை மறைக்க ஒரு துணி கட்டியிருப்பார். மின்கருவியைக் கழுத்தில் வைத்து ஒருமுறை பேசிப் பார்த்தாராம். தகரத்துக்குள் இருந்து வருவது போன்ற அந்தச் சத்தத்துக்கு ஹோதானின் சின்னப் பிள்ளை வீரிட்டு அழுததும் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பவானியும் புட்டோடு போவோம். நான் பேசுவேன். அவர் தலையாட்டுவார்.

கோடைகாலம் முடியப்போகும் ஒரு ஞாயிறு, போனபோது வீடு நிறைய ஆட்கள். முகாமிலிருந்து பதில் கசெட் வந்திருந்தது. வழக்கம்போலச் சலாம்கள். மாமனார், மாமனாரின் தம்பிமார், ஒவ்வொருவராக. விடுதிக்காரர்கள் தங்கள் பெயர் வந்தபோது கண்ணை மூடிக் கேட்டார்கள். எங்களுக்காக ஹோதான் மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கம் மாறிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. யூசுப் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமி" என்றாள் ஹோதான். "நீங்கள் ஒருவரையும் விடாமல் பேர் சொல்லி விசாரிச்சது பெரிய மரியாதை எண்டு சொல்லுறா. உங்கட குரல் அடைச்சுக் கிடக்கு, குளிருக்குக் கழுத்தில துணி கட்டுங்கோ எண்டுறா. பிறகு..." ஹோதான் நிறுத்தினாள். கசெட் ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப எல்லாரையும் கூடாரத்தை விட்டு வெளியில அனுப்பிப்போட்டாவாம். தான் மட்டும்தானாம். அடுத்த கசெட்டில நீங்களும் சனத்தை அனுப்பிப்போட்டுத் தன்னோட பேசட்டாம். முதல்ல தானே பேசப்போறாவாம்."

ஹோதான் கசெட்டை நிறுத்தப் போனாள். யூசுப் அண்ணை கையை உயர்த்தித் தடுத்தார். கதவருகில் இருந்த விடுதிக்காரர் முதலில் எழுந்தார். பிறகு அடுத்தவர். சிஸ்டர் கத்தியும் கட்டிலை விட்டு அசையாத அந்த மனிதர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் பவானியும் வந்தோம். ஹோதான் கடைசியாக வந்து கதவைச் சாத்தினாள்.

படிக்கட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். மெல்லிய கதவு, உள்ளே குரல் கேட்டது. சொல் விளங்கவில்லை. ஸைனப் கொஞ்சம் பேசினார், நிறுத்தினார். பேசினார், நிறுத்தினார். ஒவ்வொரு தரமும் ஒரு மனிதன் பதில் சொல்ல எடுக்கும் நேரம் அளவுக்கு இடைவெளி விட்டு மறுபடி பேசினார்.